குணா குகை: வேலிக்கு வெளியே ஒரு படம்

கொடைக்கானல் தூண் பாறைக்குப் பக்கத்தில் இருக்கும் பாறைப் பிளவுகளுக்கு வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் ‘பிசாசின் சமையலறை’. 1991-ல் கமலின் ‘குணா’ வந்தபின் அது குணா குகை. 2006-ல் இங்கே விழுந்த கேரள இளைஞரை நண்பர்கள் மீட்ட நிஜக் கதை, 2024-ல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ ஆனதும் கூட்டம் இன்னும் எகிறியது.

பள்ளத்தை நெருங்க முடியாதபடி கம்பிவேலி. என்ன செய்வார்கள்? வேலியோரம் நின்று செல்போனில் அந்தக் காட்சியைப் போட்டுப் பார்க்கிறார்கள். திரையில் தெரியும் குகையில் பெரும்பகுதி கேரளத்தில் போட்ட செட்! அதை நம்பி வேலி தாண்டி, போலீஸில் மாட்டிய இளைஞர்களும் உண்டு. செட்டில் தவறி விழுந்தால் தூக்கிவிட ஆள் இருக்கும். இங்கே அடி தெரியாத இருட்டு.

வெளியே, தரையெல்லாம் பின்னிக் கிடக்கும் மரவேர்களைப் பார்க்க வேலியும் இல்லை, தடையும் இல்லை. அதன்மேல் உட்கார்ந்துதான் படம் பார்க்கிறார்கள்.