இரப்பர் இலையும் மூன்று வண்ணங்களும்

மரம் என்றால் பச்சை, வானம் என்றால் நீலம், மண் என்றால் பழுப்பு. நான்காம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை பயிலும் எம் மாணவச் செல்வங்களின் ஓவியத் தாள்களில் இம்மூன்று முடிவுகளும் தவறாமல் காணப்படும். பன்னிரண்டு வண்ணக் குழாய்கள் கொண்ட பெட்டியில் பச்சைக் குழாய்தான் முதலில் தீரும். நாற்புறமும் மரங்கள் சூழ வளர்ந்த தோட்டத்துப் பிள்ளைகள் மரத்தைப் பாராமலே மரம் தீட்டுகின்றனரே என்று நாங்கள் வியந்ததுண்டு.

ஆதலால் இவ்வாண்டு ஓவிய வகுப்பில் ஒரு கட்டுப்பாடு விதித்தோம். சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்று குழாய்களைத் தவிர மற்றவை பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். பச்சை வேண்டுவோர் மஞ்சளையும் நீலத்தையும் குழைத்துத் தாமே ஆக்கிக்கொள்ள வேண்டும். நான்கு பிள்ளைகளுக்கு மூன்று குழாய்கள் போதுமானதால் பெற்றோர்களுக்குச் செலவும் குறைந்தது. அதுவும் எங்கள் நோக்கங்களுள் ஒன்றே.

மஞ்சளை முதலில் தட்டில் இட்டு, நீலத்தைத் தூரிகை நுனியால் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். மாறிச் செய்தால் மஞ்சள் எத்தனை குழாய் இருந்தாலும் போதாது. நீலம் அத்துணை வலிமை உடையது. ஒரு வகுப்பு நேரத்தில் ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் பத்தொன்பது வகைப் பச்சைகளைக் குழைத்து, தாளில் வரிசையாகத் தீட்டிக் காட்டினர்.

ஊதா மட்டும் அவர்களை ஏமாற்றியது. சிவப்பும் நீலமும் கூடினால் ஊதா என்று புத்தகம் கூறுகிறது. தட்டிலோ சேற்று நிறமே வந்தது. காரணம் உண்டு. பெட்டியிலிருந்த சிவப்பு சற்று மஞ்சள் சாயல் கொண்டது. அதனோடு நீலம் சேரும்போது மூன்று வண்ணங்களும் ஒன்றுகூடிவிடுகின்றன. மூன்றும் கூடினால் மங்கிய நிறமே பிறக்கும். ரோஜாச் சாயலுள்ள மற்றொரு சிவப்பைக் கொடுத்தோம். நல்ல ஊதா கிடைத்தது. அச்சுக்கூடத்தாரும் அத்தகைய சிவப்பையே பயன்படுத்துகின்றனர். வண்ணப் படம் அச்சிட்ட அட்டை ஏதேனும் ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குங்கள், புள்ளிகள் தெரியும்.

பிப்ரவரித் திங்களில் எங்களுக்கு வேறு பாடப்புத்தகம் தேவைப்படவில்லை. வட மாநிலமாகிய கெடாவில் அது வறட்சிக் காலம்; பால்மரங்கள் இலையுதிர்க்கும் காலம். பால் குறைந்து வருமானமும் குறையும் அந்நாள்களைப் பெற்றோர்கள் நன்கறிவர். ஆனால் கண்ணுக்கு அதுவே விருந்து. இலைகள் மஞ்சளாகி, செம்மஞ்சளாகி, செந்நிறம் கொண்டு உதிர்கின்றன. பின்னர்ச் செம்பு நிறத்தில் தளிர் விடுகின்றன. பச்சை கடைசியில்தான் வருகிறது. ஒவ்வொருவரும் மூன்று இலைகள் கொண்டுவரப் பணித்தோம். செம்பு நிறத் தளிரைத் தீட்டச் சிவப்பில் மஞ்சளைக் குழைத்தனர். அது பளீரென்று இருந்தது. ஒரு பொட்டுப் பச்சை சேர்த்தவுடன் அடங்கியது. சிவப்பும் பச்சையும் எதிர் வண்ணங்கள். கலந்தால் ஒன்றையொன்று அடக்கும், அருகருகே நின்றால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். பிரான்சு நாட்டு வேதியியலார் செவ்ரெல் என்பார் இவ்வுண்மையை ஒரு நெசவுச்சாலையில் கண்டார். கறுப்பு நூலின் சாயம் சரியில்லை என்ற முறையீட்டை ஆராய்ந்து, குறை சாயத்தில் இல்லை, பக்கத்து நூல்களின் நிறத்தில் உள்ளது என்று காட்டினார். அவருடைய நூல் 1839இல் வெளிவந்தது.

மங்கில் வடியும் பாலுக்கு என்ன வண்ணம் என்று ஒரு மாணவி கேட்டாள். நீர்வண்ணத்தில் பாலுக்கு வண்ணம் தேவையில்லை. தாளை அவ்விடத்தில் தீண்டாமல் விட்டுவிட்டால் போதும். தாளே பால்.

இலைப்படங்களைச் சுவரில் ஒட்டியபோது ஒரு மாணவனுடைய படம் தனித்து நின்றது. சிவந்த இலை, செம்புத் தளிர், பச்சை இலை மூன்றும் ஏறக்குறைய ஒரே மங்கிய மஞ்சளில் இருந்தன. பிள்ளைகள் சிரித்தனர். அவன் தலை கவிழ்ந்தான். கவனக்குறைவு என்று கொள்ள எங்களுக்கு மனம் வரவில்லை. ஏனெனில் நரம்புகளும் நிழல்களும் அத்தனை நுட்பமாக இருந்தன. எல்லாப் படங்களையும் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் பிடித்துப் பார்த்தோம். ஒளியும் நிழலும் உள்ளபடி அமைந்திருந்த படம் அவனுடையதே.

பெற்றோரை அழைத்துப் பேசினோம். மருத்துவமனையில் இஷிஹாரா என்னும் ஜப்பானிய மருத்துவர் 1917இல் வெளியிட்ட புள்ளிப் படங்களைக் காட்டிச் சோதித்தனர். சிவப்பும் பச்சையும் அவனுக்குப் பிரிந்து தெரிவதில்லை என்பது உறுதியாயிற்று. இது நோயன்று, பிறவியிலேயே அமைவது. பெரும்பாலும் தாய்வழியே ஆண்மக்களுக்கு வருவது. இதைக் கேட்ட அவன் தாயார் சிறிது நேரம் பேசாதிருந்து, தம் தந்தையாரைப் பற்றிச் சொன்னார். செம்பனைக் குலை பழுத்துச் சிவந்ததை அவர் நிறத்தால் அறிந்ததே இல்லையாம். அடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களை எண்ணிப் பார்த்துத்தான் குலை வெட்டுவாராம். "கண்ணு மங்கல்னு எல்லாரும் கேலி பண்ணுவாங்க, சார்" என்றார்.

பின்வரும் நாள்களில் மின்கம்பி வேலை போன்ற சில தொழில்களுக்கு நிறப் பார்வைச் சோதனை உண்டு. ஆகவே பத்து வயதில் தெரிந்துகொண்டது நன்றே. பள்ளியைப் பொறுத்தமட்டில், "சிவப்பு மையால் எழுதியதைப் பார்" என்று அவனிடம் சொல்வதை எல்லா ஆசிரியர்களும் நிறுத்திக்கொண்டோம்.

இப்பொழுது அவன் ஜெராய் மலையைத் தீட்டிக்கொண்டிருக்கிறான். தொலைவிலுள்ள மலை நீலம். நீலம் அவனுக்கு ஐயமின்றித் தெரிகிறது. அவனுடைய குழாய்களின் மேல் சி, ம, நீ என்று எழுதி ஒட்டியிருப்பவள் முதலாம் ஆண்டில் பயிலும் அவன் தங்கை.