மண்ணெண்ணெயில் ஓடிய மோரிஸ் மைனர்

லண்டனிலிருந்து மேற்கே போகும் ஏ303 சாலை ஸ்டோன்ஹெஞ்ச் அருகே ஒற்றைப் பாதையாகச் சுருங்கிவிடுகிறது. பாதி வண்டிகள் நெரிசலால் ஊர்கின்றன, மீதி கற்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு ஊர்கின்றன. அதைத் தாண்டி வெகுதூரம் போனால் சோமர்செட்டில் ஸ்பார்க்ஃபோர்டு என்றொரு சின்ன ஊர். ஆர்தர் மன்னனின் கோட்டை இருந்ததாகக் கதை சொல்லும் கேட்பரி குன்று பக்கத்தில்தான். வண்டி ஓட்டி வந்த நண்பருக்கு ஆர்தரிடம் வேலையில்லை. யாழ்ப்பாணத்துக்காரர், கார்ப் பைத்தியம்.

இங்குள்ள மியூசியத்தில் இருப்பது ஜான் ஹெய்ன்ஸ் சேர்த்த கார்கள். சொந்தக் காரைத் தானே பழுதுபார்க்க நினைக்கும் இங்கிலாந்துக்காரர்கள் கையில் எடுப்பது அவர் பதிப்பகத்தின் கையேடுகளைத்தான். உலகெங்கும் 20 கோடிக்கு மேல் விற்றிருக்கின்றன. சேர்த்த வண்டிகளைக் கொண்டு 1985ல் இந்த மியூசியத்தைத் தொடங்கினார்.

சிவப்பு அறையைப் பற்றித்தான் எல்லோரும் சொல்லி அனுப்புகிறார்கள். அறை முழுக்க ஸ்போர்ட்ஸ் கார்கள், அத்தனையும் சிவப்பு. எனக்குத் தீயணைப்பு நிலையத்துக்குள் நுழைந்தது போலிருந்தது. ஒரு சிவப்புக் காரின் அழகே, பக்கத்தில் இருப்பது சிவப்பாக இல்லாததுதானே!

1931ன் டியூசன்பெர்க் மாடல் ஜே முன்னால் மட்டும் வாயடைத்து நின்றேன். 6.9 லிட்டர், வரிசையாக எட்டு சிலிண்டர், 265 குதிரைத்திறன். ஃபோர்டின் மாடல் ஏ அப்போது 40 குதிரைத்திறனில் ஓடிக்கொண்டிருந்தது. அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் வாங்கியவர், மேற்கூட்டைத் தனியே ஒரு கூடு கட்டும் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ள வேண்டும். இதற்குக் கட்டியது டெர்ஹாம். அமெரிக்காவில் வேலையில்லாமல் மக்கள் சூப்புக்கு வரிசையில் நின்ற காலத்து வண்டி என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது.

"அண்ணை, இந்த மனுசன் பிறந்தது சிலோனிலயாம்" என்றார் நண்பர். உண்மைதான். ஹெய்ன்ஸ் 1938ல் பிறந்தவர், அப்பா தேயிலைத் தோட்ட மேலாளர். அந்தத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் எந்த ஊர்களிலிருந்து போனவர்கள் என்று நமக்குத் தெரியும். பையன் இங்கிலாந்தில் விடுதிப் பள்ளிக்கு வந்தான். ரக்பி விளையாடுவதற்குப் பதிலாக ஆஸ்டின் 7 ஒன்றை மாற்றிக் கட்ட அனுமதி வாங்கினான். கட்டிய விதத்தைப் படம் போட்டு ஒரு சிறு புத்தகமாக்க, பத்து நாளில் 250 பிரதி விற்றது.

பிறகு விமானப்படை, ஏடன். சக ஊழியர் ஒருவரின் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட்டைச் சரிசெய்ய உட்கார்ந்தபோது, கம்பெனி கொடுத்த கையேடு சாதாரண ஆளுக்கு எழுதியதே இல்லை என்பது தெரிந்தது. காமிரா ஒன்று வாங்கி, எஞ்சினைக் கழற்றுவது முதல் மறுபடி பூட்டுவது வரை ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார். 1966ல் வந்த முதல் கையேடு அதுதான். அச்சிட்ட 3,000 பிரதியும் மூன்று மாதத்துக்குள் காலி. கழற்றிப் பார்த்தே எழுதவேண்டும் என்பது அவர் பிடிவாதம். அப்படிப்பட்டவர் சேர்த்த கார்கள் பானெட் மூடியபடி பளபளவென்று நிற்பதுதான் எனக்குக் குறையாகப் பட்டது.

மோரிஸ் மைனர் அருகே நண்பர் நகரவே இல்லை. 1990களில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது ஓடியவை இந்த மாதிரிப் பழைய பிரிட்டிஷ் கார்கள்தாம், அதுவும் மண்ணெண்ணெயில். காவலுக்கு நின்ற முதியவரிடம் அதைச் சொன்னார். அவர் நம்பவில்லை. புகை வருமே, எஞ்சின் இடிக்குமே என்று கேட்டார்.

வந்தது, இடித்தது, ஆனாலும் ஓடியது என்றார் நண்பர். இவற்றின் எஞ்சினில் அழுத்தம் குறைவு, அதனால் தாங்கிற்று. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது என்பதுதான் ஒரே சிக்கல். முதியவர் இன்னொரு ஊழியரையும் கையசைத்து அழைத்தார். நண்பர் கையிலிருந்த நுழைவுச்சீட்டைத் திருப்பி, அதன் பின்பக்கம் கார்புரேட்டரை வரைந்து, முதலில் பெட்ரோலை எங்கே சில சொட்டு விடவேண்டும் என்று அம்புக்குறி போட ஆரம்பித்தார்.