துருவ நட்சத்திரத்தைக் காட்டிய அப்பா

விழுப்புரத்தில் வாடகை வீட்டு மொட்டை மாடி. பள்ளி ஆசிரியரான அவர் மூன்றாவது இரவாக வடக்கே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் முக்காலி, அதன்மேல் மூன்று மாதம் சேமித்து வாங்கிய சின்ன டிராக்கர், பழைய கேமரா.

பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் மணிக்கு 15 டிகிரி நகர்வதுபோல் தெரிகின்றன. கேமராவை அசையாமல் வைத்து ஒரு நிமிடம் படமெடுத்தால் புள்ளிகள் கோடுகளாகிவிடும். டிராக்கர் அதே வேகத்தில் கேமராவைத் திருப்பும். ஒரே நிபந்தனை, அதன் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்கி இருக்க வேண்டும்.

அந்த நட்சத்திரம்தான் அகப்படவில்லை. வெளிநாட்டு வீடியோக்களில் அதை வானத்தின் பாதி உயரத்தில் காட்டினார்கள். இவரும் அங்கேயே தேடினார். மூன்று இரவுகளும் கோடுகள்தான் மிஞ்சின.

தை அமாவாசைக்குத் திண்டிவனம் பக்கத்திலுள்ள சொந்த ஊருக்குப் போனார். சர்க்கரை நோயால் பார்வை மங்கிய அப்பாவுக்கு இப்போது ஆள் அசைவது தெரியும், முகம் தெரியாது. ஒரு காலத்தில் களத்துமேட்டில் மகனைத் தோளில் தூக்கி, கார்த்திகைக் கூட்டத்தைக் காட்டி, “எத்தனை தெரியுது?” என்று கேட்டவர் அவர். “ஆறு” என்று சொன்னால், “கண்ணு நல்லாருக்குடா” என்பார்.

மகன் சொன்னதைக் கேட்டதும் அப்பா சிரித்தார்.

“அவ்ளோ ஒசரத்துல தேடுனா எப்படிடா கெடைக்கும்? நம்ம ஊர்ல அது கீழதான் நிக்கும். ஏரிக்கரைக்குப் போ. வடக்க மறைக்க ஒண்ணுமில்ல.”

ராத்திரியில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவரின் அனுபவம் அது. கணக்கும் அதையே சொல்கிறது. துருவ நட்சத்திரத்தின் உயரம் ஏறக்குறைய அந்தந்த ஊரின் அட்சரேகைதான். லண்டனில் 51 டிகிரி, டெல்லியில் 28, திண்டிவனத்தில் வெறும் 12. கையை நீட்டி முஷ்டி மடக்கினால் சுமார் 10 டிகிரி. அதற்குச் சற்று மேலே பார்த்தால் போதும். விழுப்புரத்து மாடியில் அந்த உயரத்தை எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி அடைத்துக்கொண்டிருந்தது!

அன்று இரவு அப்பாவும் துண்டைப் போர்த்திக்கொண்டு கரைக்கு வந்தார். மகன் அச்சை 12 டிகிரிக்கு இறக்கினார். பனைமரங்களுக்கு மேலே, மங்கலாக ஒரு புள்ளி. கிடைத்துவிட்டது!

“கார்த்திகை எங்க நிக்குது?”

“தலைக்கு மேல, கொஞ்சம் மேற்கால சாஞ்சுப்பா.”

“அப்ப மணி எட்டு தாண்டியிருக்கும்.”

செல்போனில் 8.10.

மேற்கே, ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1988-ல் அங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்குக் கணித மேதை ராமானுஜன் பெயரைச் சூட்டினார்கள். அங்குள்ள பெரிய தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர். இவரிடம் இருந்தது 50 மி.மீ. லென்ஸ். முப்பது விநாடிக்கு ஒன்றாக அறுபது படங்கள் எடுத்து, வீட்டுக்கு வந்து, கணினியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினார். கோடுகள் இல்லை. எல்லாம் புள்ளிகள்.

படத்தை டி.வி.யில் போட்டார். அப்பா திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“எனக்கு வெளிச்சம்தான் தெரியுது. எத்தனைடா இருக்கு?”

மகன் திரையில் விரல் வைத்து, சத்தமாக எண்ண ஆரம்பித்தார். ஆறு தாண்டியது. இருபதும் தாண்டியது. தொண்டை அடைத்து நிறுத்தினார்.

“நிறுத்தாத,” என்றார் அப்பா. “எண்ணு.”