ஆர்கேட் பெட்டிக்குள் ஒரு திரை

13 ஜனவரி 2024, சனி

பெட்டியின் பக்கப் பலகைகள் நின்றுவிட்டன. இனி திரை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ஆபீஸ் மானிட்டர் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் 24 அங்குல அகலத்திரையை எடுத்து வைத்தார், வேண்டாம் என்றேன். பேக்மேன் (1980), கலாகா (1981), டாங்கி காங் (1981) மூன்று ஆட்டங்களும் நெட்டுக்குத்தாக நிறுத்திய திரைக்காகச் செய்யப்பட்டவை. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 (1991) படுக்கைவாட்டம். அந்தக் காலத்து ட்யூப் திரைகள் எல்லாமே 4:3. அகலத்திரையைப் படுக்க வைத்தால் பேக்மேன் அதன் நடுவில் 30 செ.மீ. உயரம், 22 செ.மீ. அகலத்தில் ஒடுங்கிவிடும், இருபக்கமும் வெறும் கறுப்பு.

19 அங்குலம், 1280 × 1024 மானிட்டர் ஒன்றை எடுத்தேன். திருப்பி நிறுத்தினால் படம் 37 செ.மீ. உயரத்துக்கு வரும். வாங்குமுன் இரண்டு சோதனை. ஒன்று, திருப்பிப் பிடித்து இரு பக்கமிருந்தும் பார்ப்பது. டி.என். பேனலைக் கீழிருந்து பார்த்தால் படம் கறுத்துப்போகும்; திருப்பி நிறுத்தினால் அந்தக் கோளாறு ஒரு பக்கத்துக்கு வந்துவிடும். இது ஐ.பி.எஸ். பேனல், எங்கிருந்து பார்த்தாலும் நிறம் மாறவில்லை. இரண்டு, ப்ளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகுவது. தானாக ஆன் ஆயிற்று. பெட்டிக்குள் போனபின் பட்டனை யார் தேடுவது?

14 ஜனவரி, ஞாயிறு, போகி

ஆசாரி அண்ணன் வந்து பார்த்தார். "முன்பலகையிலேயே எல் ஆங்கிள் போட்டுப் பிடிச்சிடலாம் சார், அரை மணி நேர வேலை" என்றார். "அண்ணே, முன்பலகை முகத்துக்கு மட்டும் இருக்கட்டும், பாரம் பின்னாடி நிக்கட்டும்" என்றேன். குச்சியை இழுத்து பட்டனைத் தட்டும்போதெல்லாம் பெட்டி அதிரும். மானிட்டரின் கனம் முன்பலகையில் தொங்கினால் ஸ்குரு நாளடைவில் இளகிவிடும்.

வேறு வழிகளும் உண்டு. ஸ்டாண்டோடு ஒரு தட்டின்மேல் வைத்துவிடலாம். சுலபம்தான், ஆனால் சாய்வு ஸ்டாண்டு விட்ட அளவுதான், பெட்டியை நகர்த்தினால் ஆடும். மேலுறையைக் கழற்றி வெறும் பேனலைச் சட்டத்தில் பதிக்கலாம், பார்க்க அழகு. ஆனால் பேனலின் விளிம்பில் சற்று அழுத்தம் விழுந்தாலே கோடு விழும், மானிட்டரை மாட்டப் பின்னாலுள்ள நான்கு துளைகளும் உறையோடு போய்விடும். நிஜமான ட்யூப் திரைதான் வேண்டும் என்பவர்கள் நான்கு மூலைக் காதுகளிலும் போல்ட் போட்டு மரச்சட்டத்தில் நிறுத்துவார்கள். அதில் ஓடுவது 20,000 வோல்ட்டுக்கு மேல், அணைத்த பிறகும் ட்யூபில் மின்சாரம் தங்கியிருக்கும். பழகியவர்கள் கூட இல்லாமல் அதைத் தொடக்கூடாது.

16 ஜனவரி, செவ்வாய்

இரண்டு ரீப்பர் கட்டைகள் பெட்டியின் குறுக்கே. அவற்றின்மேல் 12 மி.மீ. ப்ளைவுட் தகடு, தகட்டில் மானிட்டர். இதுதான் முடிவு.

மானிட்டர் முதுகில் இருக்கும் துளைகள் 100 மி.மீ.க்கு 100 மி.மீ., வேசா அளவு. ஸ்குரு எம்4, நீளம் 20 மி.மீ. பலகையும் வாஷரும் போக 7 மி.மீ. உள்ளே ஏறும். நீளமான ஸ்குரு உள்ளே இருக்கும் போர்டைக் குத்திவிடும்; குட்டையானது இரண்டு மரையில் நின்றுவிடும்.

துளைகள் சதுரமாக இருப்பதில் ஒரு பெரிய வசதி. நான்கு ஸ்குருவைக் கழற்றி, மானிட்டரைக் கால்வட்டம் திருப்பினால் அதே துளையில் அதே ஸ்குரு உட்காரும். சுழலும் பொறி எதுவும் தேவையில்லை. முன்பக்கம் மறைக்கும் அட்டை மட்டும் இரண்டு, ஒன்று படுக்கைக்கு, ஒன்று நிமிர்வுக்கு. முதுகுத் துளைகளின் மையமும் திரையின் மையமும் ஒரே இடத்தில் இருப்பதில்லை என்பதால், தகட்டை ரீப்பரில் பொருத்தும் துளைகளை நீளவாக்கில் வெட்டினோம். தளர்த்தி, நகர்த்தி, இறுக்கிக்கொள்ளலாம்.

17 ஜனவரி, புதன்

இன்று சாய்வு. என் கண் தரையிலிருந்து 156 செ.மீ., மகளுக்கு 134. நடுவாக 145 என்று வைத்துக்கொண்டோம். திரையின் மையம் 120 செ.மீ. உயரத்தில், ஆடுபவரிடமிருந்து 60 செ.மீ. தூரத்தில். கண் உயரத்திலிருந்து மையத்துக்கு நூல் பிடித்து, அந்த நூலுக்கு மூலைமட்டம் சரியாக நிற்கும்வரை தகட்டைச் சாய்த்தோம். சுமார் 22 டிகிரி வந்தது. "அப்பா, இப்ப டியூப்லைட் தெரியல" என்றாள் மகள். அதற்குமேல் சாய்த்தால் கூரை விளக்கு, திரைக்கு முன்னால் போடப்போகும் அக்ரிலிக்கில் பிரதிபலிக்கும்.

20 ஜனவரி, சனி

கறுப்பு அட்டையும், அதன்மேல் 3 மி.மீ. அக்ரிலிக்கும் போட்டாயிற்று. சூடு வெளியேற, கீழே ஒரு வரிசை துளை, முதுகில் மேலே ஒரு வரிசை. இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பின்கதவைத் திறந்து தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புதான்.

மரம் நம் காலத்துக்குப் பிறகும் நிற்கும், மானிட்டர் அப்படியில்லை. ஆகவே திரையைப் பெட்டிக்குள் ஒட்டிப் புதைக்கக்கூடாது, கழற்றி மாற்றும்படி பொருத்த வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பின்கதவின் உட்புறத்தில் அளவுகளை எழுதி ஒட்டி, நான்கு எம்4 ஸ்குருவும் உபரியாகக் கட்டி வைத்திருக்கிறேன். அடுத்த மானிட்டரை மகளே மாட்டிக்கொள்ளலாம்.