கபூல் சொல்லும் வேளையில்

நிக்காஹ் மஜ்லிஸில் படமெடுக்க இனித் தொழில் தெரிந்தவர் எவரும் வேண்டியதில்லை, இப்போது வருகிற கமராக்கள் சத்தமே போடுவதில்லையாதலால் வீட்டுப் பொடியன்மாரில் ஒருவன் கையில் கொடுத்துவிட்டால் போதும் என்று, சாய்ந்தமருதிலே அந்தஸ்தும் படிப்பும் உடைய ஒரு கலியாண வீட்டார் அண்மையில் என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். கூலியைக் குறைக்கும் பொருட்டுச் சொல்லியிருந்தால் நான் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். மெய்யாகவே அப்படி நம்பிச் சொன்னார்கள் என்பதுதான் என்னை எழுதத் தூண்டியது. கல்முனைக்குடியிலிருந்து மாளிகைக்காடு வரையுள்ள பள்ளிவாசல்களிலும் கலியாண வீடுகளிலும் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில், நிசப்தமாகப் படமெடுத்தல் என்னும் இக்காரியத்தின் சூட்சுமம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவைக்க எனக்கு உரிமையுண்டு என்று கருதுகிறேன்.

கபூல் என்னும் ஏற்பு நிகழ்கிற அந்தச் சில விநாடிகளை நினைத்துப் பாருங்கள். பெண்ணின் பொறுப்பாளராகிய வலீயானவர் மாப்பிள்ளையின் வலக்கையைப் பற்றிக்கொண்டு, மணக்கொடையாகிய மஹர் இன்னதென்று குறிப்பிட்டு, தம் மகளை மணமுடித்துத் தந்தேன் என்று மொழிகிறார். மாப்பிள்ளை ஏற்றுக்கொண்டேன் என்கிறார். இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவே சபை முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறது. ஒலிவாங்கியோ மாப்பிள்ளையின் உதட்டுக்கு நாலு விரற்கடை தூரத்தில் நிற்கிறது. மணமகள் அச்சபையில் இல்லை. பள்ளியில் நிக்காஹ் நடந்தால் வீட்டிலும், வீட்டில் நடந்தால் உள்ளறையிலும், உம்மாவும் ராத்தாமாரும் சூழ, ஒலிபெருக்கியில் வருகிற குரலை மாத்திரம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் பதிவேட்டில் அவளுடைய கையொப்பத்தைக்கூடக் கட்டாயமாக்கவில்லை. ஆகவே தன் வாழ்க்கை ஒப்பந்தமாகிற அத்தருணத்தில் அவளுக்குக் கிடைக்கிற பங்கு, அப்போது செவியில் விழுகிற குரலும் பின்னர் கண்ணில் படுகிற படமுமே. முன்னதைக் கெடுத்துப் பின்னதைக் கொடுப்பவனைப் படப்பிடிப்பாளன் என்று நான் ஒப்புக்கொள்வதில்லை.

எனக்குத் தொழில் கற்பித்த பெரியவர் கல்முனையில் ஸ்டூடியோ வைத்திருந்தார். ஊரார் எல்லோருக்கும் போல எனக்கும் அவர் காக்காதான். அவர் பிரயோகித்தது யஷிகா இரட்டை வில்லைக் கமரா. மேல் வில்லையால் பார்த்துக் கீழ் வில்லையால் எடுக்கிற அவ்வகையில் – 1929இல் ரோலிபிளெக்ஸ் திறந்துவிட்ட வழி அது – கண்ணாடி இருந்த இடத்தை விட்டு அசைவதில்லை. ஷட்டரின் மெல்லிய இதழ்கள் வில்லைக்குள்ளேயே விரிந்து சுருங்குவதால் அருகில் இருப்பவருக்குக்கூடக் கேட்பது துர்லபம். கமராவை மார்பளவில் பிடித்து, தேய்த்த கண்ணாடியில் விழும் பிம்பத்தைத் தலைகுனிந்து பார்த்துக்கொண்டு அவர் நிற்கிற கோலத்தில் ஓர் அதபு இருந்தது. படம் கூடுமா கூடாதா என்ற வாதம் சூடாக இருந்த காலத்திலும், அவர் நின்றால் ஆலிம்கள் முகம் சுளித்ததில்லை.

அத்தகைய கமராவை வைத்திருந்தவர், என்னை அதன் கிட்டவும் அண்டவிடாமல், வெறுங்கையோடு மஜ்லிஸின் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வரச் சொன்னார் என்பதை இக்காலத்தவர் நம்ப மாட்டார்கள். ஒரு மௌலவி மஹரைச் சொன்ன பின் ஒருதரம் தொண்டையைச் செருமுவார். இன்னொருவர், மாப்பிள்ளை தடுமாறுவார் என்று கருதி, சொல்லவேண்டியதைத் துண்டுதுண்டாகப் பிரித்துக் கொடுப்பார். சில வாப்பாமாருக்கு மகளின் பெயர் வருகிற இடத்தில் குரல் உடையும், அப்போது சபையில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கும். இவை எங்கே வருகின்றன, எதற்குப் பின் எவ்வளவு இடைவெளி விழுகிறது என்பதையெல்லாம், திரும்பி வருகையில் சைக்கிளை உருட்டிக்கொண்டே கேட்பார். விடை சரியாக வரும்வரை கமராவைத் தொட விடமாட்டார். சத்தமற்ற கருவி கையிலிருந்தும் சத்தத்தைக் குறித்தே அவர் சிந்தித்தார். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்து அல்பங்களையும் அள்ளிக்கொண்டு போன பிறகு, பழைய நெகட்டிவ் இருக்கிறதா என்று ஸ்டூடியோவைத் தேடி வந்தவர்களில் அநேகர் முதலில் கேட்டது, வலீயின் கையும் மாப்பிள்ளையின் கையும் சேர்ந்திருக்கிற அந்த ஒரு படத்தையே.

காக்காவின் காலத்துக்குப் பின் ஒற்றை வில்லைக் கமராக்கள் வந்து எங்கள் கௌரவத்தைக் குலைத்தன. பொத்தானை அழுத்தினால் கண்ணாடி எகிறி மேலே அடித்து, ஷட்டர் ஓடி, கண்ணாடி திரும்ப விழுகிற அந்த ஓசை, பாக்குவெட்டியில் கொட்டைப்பாக்கு நொறுங்குவது போன்றது. ஒலிவாங்கிக்கு அருகில் அது கிளம்பினால் கபூலோடு சேர்ந்து தெரு முழுவதும் கேட்கும்.

இதற்குப் பரிகாரம், பின்புறத் திரையில் பார்த்து எடுக்கிற லைவ் வியூவாக வந்தது. நான் கைக்கொண்டது 2008இல் வெளியான கெனன் 5டி மார்க் 2. லைவ் வியூவில் கண்ணாடி முன்கூட்டியே உயர்ந்து நிற்பதால் அதன் அடி கிடையாது. ஆனால் அம்மட்டோடு திருப்தியடைந்தவர்கள் ஏமாந்தார்கள். சாதாரண அமைப்பில் ஒரு படத்துக்கு இரண்டு படம் எடுத்தாற்போன்ற ஓசை எழும். மௌனப் படப்பிடிப்பு என்று மெனுவில் இருக்கிற முதல் முறையை வைத்தால்தான், ஷட்டரின் முன்திரையின் வேலையை சென்சார் மின்னணுவால் செய்துகொள்ள, பின்திரை மாத்திரம் ஓடும். அப்போதும் ஷட்டரை மறுபடி இழுத்து வைக்கிற மோட்டாரின் முனகல் எஞ்சுகிறது. இரண்டாம் முறையின் மகிமை இங்கேதான் இருக்கிறது. பொத்தானை முழுவதும் அழுத்தினால் படம் பதிவாகிறது. விரலை எடுக்காமல் அப்படியே வைத்திருக்கும்வரை கமரா அசையாது நிற்கிறது. விரலைப் பாதியளவு தளர்த்தினால்தான் மோட்டார் ஓடும். அதாவது, எடுக்கிற வேளையையும் சத்தத்தின் பெரும்பங்கு வெளிப்படுகிற வேளையையும் நான் வேறு வேறாகப் பிரித்துக்கொள்ளலாம். மாப்பிள்ளை வாய் திறக்கும் முன் வலீயின் முகத்துக்கு விரலை அழுத்தி, கபூல் முடிந்து சபையார் துஆவுக்குக் கையேந்தி ஆமீன் சொல்லுகிற பேரொலிக்குள் அந்த முனகலைக் கரைத்துவிடுவேன். வலீயின் முகத்துக்குச் செலவிட்டால் மாப்பிள்ளையின் முகத்துக்கு இல்லை. ஒரு மௌனத்துக்கு ஒரு படம். எதற்குச் செலவிடுவது என்பதை, காக்கா கேட்கச் சொன்னதைக் கேட்டவன்தான் தீர்மானிக்க முடியும்.

இதற்கான விலையும் சிறிதன்று. வியூபைண்டரில் பார்த்து எடுத்தால் ஏறத்தாழ 850 படத்துக்கு வருகிற பற்றரி, லைவ் வியூவில் 200 படத்தோடு ஓய்ந்துவிடும். நம் கரையோரப் புழுக்கத்தில் நெடுநேரம் திரை எரிந்தால் சென்சார் சூடேறிப் படத்தில் மணல் மணலாக விழும். ஆகவே குத்பா உரை முடியும்வரை அணைத்தே வைத்திருக்க வேண்டும். விரைவுக் குவியத்தை நாடினால் கண்ணாடி கீழே விழுந்து எழும், உபாயமே வீணாகும். கையால்தான் குவிக்க வேண்டும், திரையைப் பத்து மடங்கு பெருக்கி. பிளாஷ் போட்டாலோ மௌன முறை தானே இரத்தாகிவிடும். கடற்கரைப் பள்ளியின் கொடியேற்ற விழாவில் படமெடுக்க இந்தச் சிரமம் எதுவும் வேண்டாம். அந்தச் சனக்கூட்டத்தின் ஆரவாரத்தில் எந்தக் கமராவும் எடுபடும்.

பொடியன்மாரின் கையிலுள்ள கண்ணாடியில்லாக் கமராக்களில் மின்னணு ஷட்டர் இருக்கிறது. மெய்தான், அது ஊசி விழுகிற சத்தமும் போடாது. ஆயினும் அது சென்சாரை வரிவரியாகப் படிக்கிறது. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். பள்ளிவாசலில் மாட்டியிருக்கிற மலிவான விளக்குகள் விநாடிக்கு 100 தடவை கண்ணுக்குத் தெரியாமல் மங்கிப் பிரகாசிக்கின்றன. 1/500 விநாடியில் எடுத்தால் வலீயின் வெள்ளைச் சட்டையில் கருப்புப் பட்டைகள் ஓடுகின்றன. 1/100க்கோ 1/50க்கோ இறக்குங்கள் என்றால், கை அசையும் என்கிறார்கள். அசையாமல் கையைப் பிடிப்பதுதானே தொழிலின் முதல் பாடம்! பட்டைகளையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஓசையில்லை என்ற தைரியத்தில், குத்பா தொடங்கியதிலிருந்து விரலை எடுக்காமல் சரமாரியாக எடுத்து, பின்னர் கணினியில் தேடிக்கொள்ளலாம் என்கிறவர்கள், மஹர் எப்போது சொல்லப்பட்டது என்று கேட்டால் அறியார்கள். சத்தம் போடாத கருவி இவர்களைச் சபையின் மரியாதையிலிருந்து விடுவித்துவிட்டது; மாப்பிள்ளையின் முகத்துக்கு முன்னே எல்ஈடி விளக்கை நீட்டுகிறார்கள், வலீக்கும் மௌலவிக்கும் நடுவே முழங்காலிட்டு நகர்கிறார்கள், காதுக்குக் கேட்காவிட்டாலும் கண்ணை உறுத்துகிறது.

பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையாரிடம் நான் கேட்பது அதிகமில்லை. ஒரு மஜ்லிஸில் ஒருவரே எடுக்கட்டும். வலீயின் வலப்பக்கத்தில் ஓரிடத்தைக் குறித்துக் கொடுத்து, துஆ முடியும்வரை அவர் அங்கிருந்து நகரலாகாது என்று விதிக்கட்டும். ஏனைய கைப்பேசிகள் பைக்குள் இருக்கட்டும். இடம் தேடி அலைகிற வேலை தீர்ந்தால், அந்த ஒருவருக்குக் கேட்பதற்கு நேரம் கிடைக்கும்.