ஓட்டு எண்ணெய்

காடாம்புலியூரில் பஸ் ஏறிய கிழவிக்கு ஒரு கல்லூரிப் பையன் எழுந்து இடம் விட்டான். "உக்காருங்க ஆயா." கம்பியைப் பற்றியிருந்த ஆயாவின் கையைப் பார்த்தேன். விரல் நுனிகள் கறுத்து, கட்டைவிரலில் தோல் உரிந்திருந்தது. முந்திரிக்கொட்டை உடைக்கிற கை. பண்ருட்டிப் பக்கம் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. சாம்பலைத் தொட்டுத் தொட்டு உடைத்தாலும் ஓட்டு எண்ணெய் தோலைத் தின்னாமல் விடாது.

பையனும் அவன் நண்பனும் சிதம்பரம் போகிறவர்கள். மடியில் ஆய்வுக்கூட நோட்டு. பேச்செல்லாம் மக்காச்சோள மாவுச்சத்திலிருந்து செய்யும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கைப் பற்றி.

"கொளுத்துனா உருகிச் சொட்டுதுடா. கீழ வச்ச பஞ்சும் பத்திக்குது."

பிளாஸ்டிக் தீயைத் தாங்குமா என்று பார்க்கும் அந்தச் சோதனை கடுமையானது. பிளாஸ்டிக் பட்டையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, கீழே பஞ்சு வைத்து, அடியில் 10 விநாடி சுடர் காட்டுவார்கள். அணைந்ததும் இன்னொரு 10 விநாடி. முதல் தரம் வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் 10 விநாடிக்குள் அணைய வேண்டும், பஞ்சு பற்றவே கூடாது. சாப்பாட்டுத் தட்டுக்கு இதையெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள்? மின்சாதனப் பெட்டியாக வேண்டுமென்றால் கேட்பார்கள். பயிரில் பிறந்தது என்பதற்காக நெருப்பு சலுகை காட்டுமா என்ன!

புரோமின் சேர்த்தால் தீ அடங்கும். ஆனால் சில புரோமின் சேர்மங்கள் உடம்பிலும் மண்ணிலும் தங்கிவிடுவதால், 2009-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் ஏறின. பாஸ்பரஸின் வேலை வேறு மாதிரி. சூட்டில் பிளாஸ்டிக்கின் மேல் கரிப்படலம் கட்டி, அனலையும் காற்றையும் உள்ளே விடாது.

"கார்டனால்ல பாஸ்பரஸ் ஏத்திப் பாப்பமா?" என்றான் நண்பன்.

நல்ல யோசனைதான். கார்டனால், முந்திரி ஓட்டு எண்ணெயைக் காய்ச்சி வடிப்பதில் கிடைப்பது. திருவனந்தபுரம் வட்டார ஆய்வுக்கூடத்தில் 1990-களிலேயே இந்த எண்ணெயில் பாஸ்பரஸும் புரோமினும் ஏற்றி, இயற்கை ரப்பரில் தீயைத் தடுக்கிறதா என்று பார்த்தார்கள். ஒன்றும் ஏற்றாத எண்ணெயோ நன்றாக எரியும். ஓட்டைக் கொதிகலனில் போட்டு எரிப்பதும் அதனால்தான்.

"கார்டனால் எங்கடா கிடைக்கும்?"

"ஆன்லைன்ல ஆர்டர் போட்டா வந்துடும்."

ஆயா கட்டைவிரலை முந்தானையால் சுற்றிக்கொண்டார். வடலூரில் இறங்கினார். பையன் மறுபடி உட்கார்ந்து, கொரியர் செலவைக் கணக்குப் போடத் தொடங்கினான்.

கொட்டை வியாபாரிகள் ஓட்டையும் எடை போட்டு விற்கிறார்கள். அந்தக் காசில் உடைக்கிறவர்களுக்குக் கையுறை வாங்கித் தரலாம்.