விளம்பரம் போடாத பல்கலைக்கழகங்கள்

மே மாதம் வந்துவிட்டால் எங்கள் காட்டுப்பாக்கத்தில் வெயிலோடு கல்லூரி விளம்பரங்களும் வந்துவிடும். பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் போரூர் வரை போய்ப் பாருங்கள், எங்கும் சிரித்த முகத்தோடு மாணவர்கள் நிற்கும் பேனர்கள். எல்லாம் தனியார் கல்லூரிகள். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கோ அண்ணா பல்கலைக்கழகத்துக்கோ ஒரு பேனரைக்கூட நான் பார்த்ததில்லை. பிறகு எப்படி இத்தனை வருஷமாக அங்கே பிள்ளைகள் சேர்ந்தார்கள்?

பல்கலைக்கழகம் வீடு தேடி வந்ததுதான் காரணம் என்பேன். நான் தபால் துறையில் வேலை பார்த்தவன். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லும் சென்னைப் பல்கலைக்கழகம் 1981-லும் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கின. அதன் பிறகு பாடக் கட்டுகள் மூட்டையில் வர ஆரம்பித்தன. பிரிக்கும்போதே யார் படிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்: போலீஸ் குவார்ட்டர்ஸ், ஆவடி டாங்கித் தொழிற்சாலைக் குடியிருப்பு, கல்யாணமாகி வந்த மருமகள்கள். எங்கள் ஆபீஸ் தபால்காரர் ஒருவர் அப்படித்தான் பி.ஏ. முடித்தார். அதைப் பார்த்து மறுவருஷம் மூன்று பேர் விண்ணப்பம் வாங்கினார்கள். அவரைவிட நல்ல விளம்பரம் வேண்டுமா?

பல்கலைக்கழகங்கள் ஊர்ப் பக்கமும் போயின. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் வந்தது. மதுரைக்கு 1966-லும், கோவைக்கும் திருச்சிக்கும் 1982-லும், திருநெல்வேலிக்கு 1990-லும், வேலூருக்கு 2002-லும் தனித்தனியாகப் பல்கலைக்கழகங்கள் கிடைத்தன. பாரதியார், பாரதிதாசன், மனோன்மணியம் சுந்தரனார், திருவள்ளுவர் என்று பெயர் வைத்ததால் 'இது நம்முடையது' என்ற எண்ணமும் வந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே நம்பிக்கை. எங்கள் கீழ்வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார். மகள் அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ முடித்தாள். ஒரு தனியார் கல்லூரி ஏஜென்ட், "இன்னைக்கே இருபதாயிரம் கட்டினா சீட் பிடிச்சு வைக்கிறோம்" என்றாராம். பணத்தைப் புரட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். "சார், கவர்மென்ட்ல யாரையாவது தெரியணுமே?" என்றார். யாரையும் தெரிய வேண்டாம், மார்க்கும் கவுன்சலிங்கும் போதும் என்றேன். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருப்பதும், அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்பதும் அவருக்குத் தெரியவில்லை. மாதம் ஆயிரம் ரூபாய் வரும் புதுமைப்பெண் திட்டமும் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கு அரசுப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. இருபதாயிரம் வட்டிக் கடனாகாமல் தப்பியது.

ஆனால் அந்த நம்பிக்கை தேய்கிறதே என்பதுதான் என் கவலை. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பண நெருக்கடியில் சிக்கி, 2013-ல் அரசு ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. 2024-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியது. அங்கே துணைவேந்தர் நாற்காலியும் நெடுநாள் காலியாகக் கிடந்தது. பேராசிரியர் இல்லாத துறைக்கு எந்தத் தகப்பன் பிள்ளையை அனுப்புவான்? பழைய பெயர் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

பேனர் வைக்கச் சொல்லவில்லை. காலியிடங்களை நிரப்பட்டும். ஒவ்வொரு அரசு மேல்நிலைப் பள்ளிக்கும், அங்கே படித்துப் பல்கலைக்கழகம் போன பிள்ளைகளையே ஏப்ரலில் அனுப்பிப் பேசச் சொல்லட்டும். இது அரசு செய்ய வேண்டியது.

நம்மால் ஆவதும் உண்டு. குறைந்த செலவில் அரசுக் கல்லூரியில் படித்துப் பென்ஷன் வாங்குகிறவர்கள் நம் தெருவில் நிறையப் பேர். பக்கத்து வீட்டில் ப்ளஸ் டூ பிள்ளை இருந்தால், ஏஜென்ட் வருவதற்கு முன் ஒரு நடை போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.